இரண்டு பெட்டிக்கு நடுவே ஒரு ரோடு

ஜப்பான்காரனுக்கும் அமெரிக்காக்காரனுக்கும் சண்டை என்றால் மணவாளக்குறிச்சியில் ஷைஜா எதற்காக அழ வேண்டும்? அன்று பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தக் கம்பெனி முதலாளிகள் கையில் கிடைத்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஷைஜா எனக்கு அடுத்த வீட்டு மருமகள். திங்கள்சந்தையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். நான் அதே தெருவில் தையல் கடையில் இருக்கிறேன். காலையில் இருவருக்கும் ஒரே பஸ். அவள் புருஷன் ஜெரிஷ் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் நிறையும் முன்பே விமானம் ஏறியவன். ஏறுவதற்கு முந்தின சாயங்காலம் இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். எங்கள் கடற்கரையில் மணல் கறுப்பு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், இருட்டும்வரை நடந்தார்களாம். ஷைஜா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள். பேசுவதற்கு ஃபோன் இருக்கிறது, பேசாமல் கூடவே நடக்க என்ன இருக்கிறது என்று கேட்பாள்.

ஜெரிஷ் ஒரு வழி கண்டுபிடித்தான். அவன் அறையில் நாலு பேர் சேர்ந்து எக்ஸ்பாக்ஸ் என்று, டிவியில் மாட்டி விளையாடுகிற அமெரிக்கப் பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். அதில் கட்டை கட்டையாக வெட்டி அடுக்கி வீடும் ஊரும் கட்டிக்கொள்கிற ஆட்டம் ஒன்று உண்டு. தூரத்தில் இருப்பவரும் அந்த உலகத்துக்குள் வந்து கூடவே நடக்கலாம். ஷைஜாவுக்கும் ஒரு பெட்டி அனுப்பலாம் என்று கடைக்குப் போனான். அங்கே ஜப்பான் பெட்டியான பிளே ஸ்டேஷனுக்கு நல்ல தள்ளுபடி. ஆட்டம் ஒன்றுதானே, பெட்டி எதுவானால் என்ன என்று அதை வாங்கி, லீவில் ஊருக்கு வந்த அறைக்கூட்டாளி பிரபினிடம் கொடுத்துவிட்டான். ஒரு கம்பெனி ஃபோனிலிருந்து இன்னொரு கம்பெனி ஃபோனுக்குக் கூப்பிடுகிறோம் இல்லையா? நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஆனால் இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குள் போக முடியவில்லை. என் பெட்டியை வாங்கியவன் என் பெட்டிக்காரனோடுதான் விளையாட வேண்டும், அப்போதுதான் அவன் கூட்டாளியும் என்னிடமே வாங்குவான் என்பது அந்த இரண்டு கம்பெனிகளின் கணக்கு. ஒரே ரோட்டில் ஓடுகிற இரண்டு மினிபஸ்காரர்களைப் போல முறைத்துக்கொண்டு நின்றார்கள். பெட்டியை விற்று மற்றதை வாங்கு என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"அவிய அனுப்பினத நான் விக்கமாட்டேன் அக்கா" என்று ஒரே பிடியாக நின்றாள்.

பிறகு அவள் உலகத்தில் அவள் தனியாக வீடு கட்டத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை ஜெரிஷுக்கு லீவு. அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். நானும் போய் உட்காருவேன். சதுரமான சூரியன் சதுரமான கடலில் மெல்ல இறங்கும். மேகங்கள் தலைக்கு மேல் சத்தமில்லாமல் நகரும். பார்த்துக்கொண்டே இருந்தால் நாம் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். அந்த உலகத்தில் மணல் மஞ்சள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீருக்குள் முங்கி, கணவாய் மீன் பிடித்து, அதன் மையை எடுத்து, மணலோடு சேர்த்துக் கறுப்பாக்கினாள். வாரக்கணக்கில் கணவாய் பிடித்துக் கரை முழுவதும் கறுப்பு மணல் பரப்பினாள். மாமியார் ராஜபாய், இவ்வளவு கணவாயில் ஒன்று சட்டிக்கு வரவில்லையே என்று அலுத்துக்கொள்வார்.

நானும் இங்கே வீடு கெட்டுதேன் என்று ஜெரிஷ் ஃபோனில் சொல்வான். காட்டுங்கள் என்றால், முடியட்டும் என்பான். இரண்டு வருஷமாக முடியவில்லை. கேட்ட லீவும் இரண்டு தடவை கிடைக்கவில்லை என்றான். வீடும் வரவில்லை, ஆளும் வரவில்லை. தன்னோடு இருக்கவே அவனுக்கு ஆசை இல்லையோ என்றுதான் அன்று பஸ்ஸில் அழுதாள்.

ஒரு டிசம்பரில் இரண்டு கம்பெனிகளும் ராசியாகின. ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தில் எந்தப் பெட்டிக்காரனும் எந்தப் பெட்டிக்காரனோடும் சேரலாம் என்று ஆகிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை, ஷைஜாவின் கறுப்பு மணலில் கட்டையால் செய்தது போன்ற ஓர் ஆள் வந்து நின்றான். யார் அது என்று ராஜபாய் கேட்டார். உங்கள் மகன்தான் என்றாள் ஷைஜா.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மெலிஞ்சுல்லா போனான்" என்றார்.

இருவரும் கரையோரமாக நடந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்த ஃபோனில் அவன் அறையின் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. கறுப்பு மணல் முடிகிற இடம்வரை போய்த் திரும்பினார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது. அப்புறம் ஷைஜா அவன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். அங்கே ஒன்றும் இல்லை என்று மழுப்பினான். அவள் விடவில்லை.

அவன் உலகத்தில் வீடு இல்லை. வெறும் புல்வெளி. அதன் நடுவிலிருந்து ஒரு கல் ரோடு கிளம்பிப் போனது. இரண்டு பக்கமும் விளக்குகள். ஷைஜா அதில் நடந்தாள். ரோடு மலையைக் குடைந்து போனது, கடல் மேல் பாலமாகப் போனது, பனிக்காட்டுக்குள் போனது. சூரியன் விழுந்தது, எழுந்தது. அங்கங்கே ரோட்டோரம் ஒற்றைக் கட்டில் கிடந்தது. கடைசியில் ஒரு பாலைவனத்தில், பாதிக் கல்லில், ரோடு நின்றுவிட்டது.

"இது எங்க போவுது?" என்று கேட்டாள்.

"ஊருக்கு. கெழக்க பாத்து போட்டுகிட்டே இருந்தேன்" என்றான். பிறகு சொன்னான்: "வீடு கெட்டத்தான் தொடங்கினேன். கதவு எங்க வைக்கணும்னு நீ இல்லாம தெரியல்ல மக்கா. லீவும் நான் கேக்கல்ல. கேட்டு இல்லன்னு சொல்லிட்டா தாங்கமாட்டேன்னு கேக்காமலே இருந்தேன்."

ராஜபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ஷைஜா அந்தக் கடைசிக் கல்லின் மேல் அசையாமல் நின்றாள். ஒரு உலகத்து மணலை இன்னொரு உலகத்துக்குக் கொண்டுபோக அந்த ஆட்டத்தில் வழி இல்லை.

"ரோடு போட்டது மதி, இனி போடாண்டாம்" என்றாள். "மணலு இங்க ஊருலதான் கெடக்கு. நாளைக்கே போயி லீவு கேளுங்க."

அவன் கேட்டான். இதற்கா இவ்வளவு நாள் தயங்கினாய் என்று மேனேஜர் சிரித்தாராம்.

அடுத்த மாதம் ஜெரிஷ் வந்து இறங்கினான். நிஜமாகவே மெலிந்துதான் போயிருந்தான். வந்த அன்று சாயங்காலமே இருவரும் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பேச்சுத்துணைக்கு நானும் வரட்டுமா என்று வாசலில் நின்று கேட்டேன். ஷைஜா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்று சிரித்தாள்.