ஒன்பதாவது சோதனை

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயர் ‘மறுபடி சார்’. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எதைச் செய்து கொண்டுவந்து மேசைமேல் வைத்தாலும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. மறுபடி” என்பார். ஒருநாள் மனைவி டீ போட்டு நீட்டியபோது வாய் தவறி அதையே சொல்லிவிட்டு, மாலைவரை டீயே கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார் என்று ஆசிரியர்கள் அறையில் ஒரு கதை உலவியது. அதில் பாதி உண்மை.

வாத்தியாராவதற்குமுன் பதினேழு வருடம் பம்பு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். தொழிற்சாலையை மூடிய அதே சமயம் பள்ளியில் வடிவமைப்பு என்று ஒரு வகுப்பைத் தொடங்கினார்கள். சுத்தியலைப் பார்த்ததும் மற்ற ஆசிரியர்கள் தலைதெறிக்க ஓடியதால் வேலை இவருக்கு வந்து சேர்ந்தது. பாடம் இதுதான்: மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, யாருக்காவது இருக்கிற ஒரு தொல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். அவரிடமே போய்க் கேட்க வேண்டும். நாலைந்து வழி யோசித்து, ஒன்றை வரைந்து, செய்து, ஓட்டிப் பார்த்து, எங்கே உதைக்கிறதென்று தெரிந்துகொண்டு திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு சோதனையும் நோட்டில் ஏற வேண்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இரண்டே வரி போதும்.

இதில் தனக்கென்று அவர் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். பிள்ளைகள் செய்யும் பொருளில் வாத்தியார் கை படக்கூடாது. சொல்வதற்குச் சுலபம். ஃபிட்டர் கை சும்மா இருக்குமா? கோணலாக ஒரு ஆணி இறங்குவதைப் பார்த்தால் அவருக்கு உடம்பெல்லாம் துறுதுறுக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிடுவார். பதினோரு வருடம் அப்படித்தான் நின்றார். பன்னிரண்டாம் வருடத்தில் ஒரே ஒருநாள் நிற்கவில்லை.

அந்த வருடம் மூன்று பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். ஒருத்தி வாயாடி. ஒருத்தி படம் போடுகிறவள், பேச்சு மூச்சு கிடையாது. மூன்றாமவளை எல்லாரும் ‘டேப்பு’ என்றார்கள், தையல்கார அம்மாவின் அளவு டேப்பு எப்போதும் கழுத்தில் தொங்குவதால். அவள் பெஞ்சை அளப்பாள், வாசலை அளப்பாள், தூங்குகிற வாயாடியின் மூக்கைக்கூட அளந்திருக்கிறாள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது ஆயாம்மாவின் தொல்லையை. மூன்று மாடிக் கட்டடம், குழாய் கீழே. தரை துடைக்கிற ஆயாம்மா கைக்கொன்றாக வாளி தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு ஆறுதரம் படியேறினாள். “இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே மேல போய்ச் சேந்தப்புறம்தான் தெரியுதுடி” என்றாளாம். டேப்பு அதை அப்படியே நோட்டில் எழுதி, பக்கத்தில் படியின் உயரத்தையும் எழுதினாள்.

படியேறுகிற தள்ளுவண்டி ஒன்று செய்தார்கள். பக்கத்துக்கு ஒரு முக்கோணப் பலகை, ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்னச் சக்கரம். ஒரு சக்கரம் படியில் முட்டினால் முக்கோணம் புரண்டு அடுத்த சக்கரத்தை மேல்படியில் வைக்கும். யோசனை நல்ல யோசனை. ஆனால் இடதுபக்கப் பலகை அச்சுக்கம்பியில் நிற்காமல் நழுவி நழுவி வெளியே வந்தது. ரப்பர் சுற்றினார்கள், கயிறு கட்டினார்கள், பசை வைத்தார்கள். ஏழு சோதனை, ஏழிலும் நழுவல். நோட்டில் ஏழுக்கும் காரணம் இருந்தது.

வட்டாரக் கண்காட்சி அந்த வருடம் அவர்கள் பள்ளியிலேயே நடந்தது. மதியம் இரண்டு மணிக்கு நடுவர்கள் வர வேண்டும். காலை பதினொன்றுக்கு எட்டாவது சோதனை. ஐந்தாவது படியில் பலகை கழன்று, வாளி உருண்டு, தலைமையாசிரியை நின்ற இடம்வரை தண்ணீர் ஓடியது.

அந்தம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “இதுதான் கண்காட்சியில நம்ம முதல் உருப்படியா சார்? ரெண்டு வருஷமா ஒரு பரிசும் இல்ல. பட்டறையை எடுத்துட்டு கம்ப்யூட்டர் போடலாம்னு கமிட்டியில கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?”

டேப்பு மட்டும் அசரவில்லை. நழுவிய பலகையின் ஓட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“சார், எனக்கு ஒண்ணு தோணுது. வீட்டுல ஒரு சாமான் இருக்கு. அதை வெட்டி எடுத்துட்டு வந்துடறேன். ஒரு மணிக்குள்ள வந்துடுவேன்.”

“ஓடு” என்றார்.

அவள் ஓடினாள். மற்ற இருவரும் சாப்பிடப் போனார்கள். பட்டறையில் அவரும் வண்டியும் மட்டும். பன்னிரண்டரை ஆனது. பன்னிரண்டே முக்கால் ஆனது. கதவை ஒருமுறை பார்த்தார், கடிகாரத்தை நாலுமுறை பார்த்தார். பிறகு டிரில்லை எடுத்தார். கம்பியின் முனையில் ஓட்டை போட்டு, வாஷர் வைத்து, இரட்டைக் கால் இரும்புப் பின் ஒன்றைச் செருகி, பலகை நழுவாதபடி இரு காலையும் மடக்கிவிட்டார். மொத்தம் எட்டு நிமிட வேலை. தொழிற்சாலையில் இந்த மாதிரி ஆயிரம் போட்டிருப்பார்.

இரும்புத் தூளைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது டேப்பு வந்தாள். முகமெல்லாம் வியர்வை. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். மணி ஒன்றாக இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அவள் வண்டியைப் பார்த்தாள், பின்னைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தாள்.

“ஒரு சின்ன பின்னுதாம்மா போட்டேன். ஓட்டிப் பாரு.”

“சரி சார்” என்றாள். பொட்டலத்தைப் பைக்குள் வைத்து மூடினாள்.

அது என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை என்று பின்னாளில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அது பொய். நடுவர்கள் வர முழுசாக ஒரு மணி நேரம் இருந்தது. கேட்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

வண்டி எல்லாப் படியும் ஏறியது. “இந்தப் பின் நல்லா இருக்கே, யாரோட யோசனை?” என்று நடுவர் கேட்டார். டேப்பு வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். வாயாடி முந்திக்கொண்டு, “மூணு பேரும் சேந்து யோசிச்சோம் சார்” என்றாள். முதல் பரிசு கிடைத்தது. பட்டறை பிழைத்தது. ஆயாம்மா ரொம்ப நாள் அந்த வண்டியை இழுத்துக்கொண்டு மாடியேறினாள், பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தப் பிள்ளைகளை வாயார வாழ்த்தினாள். யாருக்கும் ஒரு நஷ்டமுமில்லை என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டார்.

மறுவாரம் நோட்டுகள் திருத்தலுக்கு வந்தன. கடைசிப் பக்கத்தில் டேப்பின் குண்டுகுண்டு எழுத்து: ‘ஒன்பதாவது சோதனை. வண்டி ஏறியது. ஏன் என்று எனக்குத் தெரியாது.’

அவர் அந்த வரியை இரண்டுதரம் படித்தார். அந்தப் பெண் கெட்டிக்காரி, பின் எப்படிப் பிடிக்கிறதென்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தன் கணக்கில் சேராத ஒன்றைத் தன் கணக்கில் எழுத அவள் மறுத்திருக்கிறாள், அதுவும் மரியாதையாக. அப்போதே அவளைக் கூப்பிட்டு, தப்பு பண்ணிட்டேம்மா, அந்தப் பொட்டலத்தைக் கொண்டு வா, பின்னைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். அவர் செய்தது என்ன? சிவப்பு மையில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருடம் அவள் வடிவமைப்பு வகுப்பில் சேரவில்லை, தட்டச்சு எடுத்தாள். வராந்தாவில் எதிரே வந்தால் “குட்மார்னிங் சார்” என்பாள். கழுத்தில் டேப்பு இல்லை. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் தினம் நினைப்பார், தினமும் மென்று விழுங்குவார். வீட்டில் சொன்னபோது மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் மறுபடி மறுபடின்னு உயிரை வாங்குறீங்க. நீங்க போய் ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு?”

ஒரு கேடும் இல்லை. வாத்தியார் என்கிற வீம்புதான். டேப்பு பள்ளியை முடித்துப் போய்விட்டாள். அதன்பிறகு அவர் எந்தப் பிள்ளையின் பொருளையும் தொட்டதில்லை. ஆனால் திருந்தியதெல்லாம் மற்றவர்களுக்குப் பயன்பட்டது, அவளுக்கு அதனால் என்ன பயன்?

ஓய்வு பெற்று மூன்றாம் வருடம் கண்ணில் புரை விழுந்தது. கண் மருத்துவமனையின் பதிவு மேசையில் சீட்டை நீட்டினார். பெயரைப் படித்த பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

“மறுபடி சார்! என்னைத் தெரியுதா?”

முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. குரல் தெரிந்தது. முப்பதைத் தாண்டியிருப்பாள். வரிசையில் அவருக்குப் பின்னால் யாருமில்லை. இந்தத் தடவையும் விட்டால் நான் மனுஷனே இல்லை என்று நினைத்து, நின்றபடியே கொட்டித் தீர்த்தார்.

“அன்னிக்கு நான் அந்தப் பின்னைப் போட்டிருக்கக் கூடாதும்மா. உன் வேலையில நான் கை வெச்சது தப்பு. பதினெட்டு வருஷமா உன்கிட்ட சொல்லணும்னு இருக்கேன். மன்னிச்சுடு.”

அவள் பதறி எழுந்தாள். “ஐயோ, என்ன சார் இது, பெரிய வார்த்தையெல்லாம். நான் அதை எப்பவோ விட்டுட்டேன். நம்மால ஆகாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வேற படிச்சேன், அவ்வளவுதான்.”

“ஆகாதுன்னு யாரு சொன்னது? நீ கொண்டுவந்தது நிச்சயம் வேலை செஞ்சிருக்கும்மா.”

“நீங்க அதைப் பாக்கவே இல்லையே சார்” என்றாள். குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

“அது என்னம்மா?” என்று கேட்டார். “அந்தப் பொட்டலத்துல என்ன இருந்துச்சு?”

அவள் பழைய சீட்டு ஒன்றைத் திருப்பிப்போட்டுப் பேனாவை எடுத்தாள். முதலில் முக்கோணம். மூலைக்கொரு சக்கரம். நடுவே அச்சுக்கம்பி. கை வேகமாகத்தான் போனது, முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது. அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்தார். கம்பியும் பலகையும் சேருகிற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“இந்த இடத்துல ஒண்ணு வரும் சார்” என்றாள். பேனா முனையை அங்கே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். “என்ன வரும்?”

அவருக்கும் தெரியவில்லை.