கதிர்காமு தள்ளிய ஜீப்

தீவூரான இறுப்பிட்டியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மதகைக் கடக்கும்போது சைக்கிள் சற்றே மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அந்த ஊரில் பிறந்த தியாகலிங்கம், மலைநாட்டுப் பண்டாரவளையில் பெரியப்பாவின் கடையில் வேலைக்கு நின்றுகொண்டு, தான் மலையில் கடை ஜீப்பை ஓட்டுவதாக ஊருக்குச் சொல்லியனுப்பினான். ஓட்டப் பழகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இராசமணியைப் பெண் கேட்டிருந்த நேரம், கொஞ்சம் அளந்துவிட்டான்.

பெண்ணின் தகப்பன் கதிர்காமு சும்மா விடுகிற ஆள் இல்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டு மாசியில் ரயிலேறி வந்து கடை வாசலில் நின்றார்.

"ஜீப்பை ஓடிக் காட்டும். பாத்திட்டுத்தான் பெட்டையைத் தருவன்."

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துக்குச் சாமான் ஏற்றிப்போகும் பாதை கால் மைல்கூட வராது. ஆனால் செங்குத்து. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வெறும் மூடுபனி. கதிர்காமுவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஏற்றினான். பாதி ஏற்றத்தில் ஜீப் சேற்றில் நின்ற இடத்திலேயே சில்லைச் சுற்றத் தொடங்கியது. கலியாணம் போனால் போகட்டும், பின்னுக்கு விட்டுக் கீழே போய்விடுவோம் என்று முடிவெடுத்துத் தியாகலிங்கம் திரும்பிப் பார்த்தான்.

பக்கத்தில் ஆளைக் காணவில்லை. கதிர்காமு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்பின் பின்னால் நின்றார்! ஊருக்குப் போகிற வழியில் மண்கும்பான் மணலில் கார் புதைந்தால் இறங்கித் தள்ளுவதுதானே தீவாரின் வழக்கம். மனிதர் அதையே மலையிலும் செய்தார்.

"ஐயோ மாமா, விலகுங்கோ! உருண்டால் நசிச்சுப்போடும்!"

"நீர் ஏத்தும், நான் தள்ளுறன்!"

இனிப் பின்னுக்கு விட முடியாது. பிரேக்கை அழுத்தி மிதித்தான். அப்போதுதான் நாலு சில்லையும் இழுக்க வைக்கும் சின்னக் கியர் நினைவுக்கு வந்தது. பாவி, அதைப் போடவே மறந்திருந்தான். போட்டான். ஜீப் உறுமிக்கொண்டு உச்சிக்குப் போய்த்தான் நின்றது.

தலை முதல் கால் வரை சேறோடு கதிர்காமு நடந்து வந்து சேர்ந்தார்.

"பாத்தீரே? நான் தள்ளாட்டில் ஏறியிராது."

"ஓம் மாமா" என்றான். வைகாசியில் கலியாணம்.

அந்த ஆண்டு ஆடியில் தமிழருக்கு எதிராக மூண்ட கலவரத்தில் கடையும் ஜீப்பும் எரிந்தன. நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. தியாகலிங்கம் உடுத்த உடுப்போடு, ஊரில் இருந்த இராசமணியிடம் வந்து சேர்ந்தான். அங்கே அவனுக்கு முன்பே ஜீப் தள்ளிய கதை வந்து குந்தியிருந்தது. போன வீடெல்லாம் கதிர்காமு அலுமாரியைப் பிடித்துத் தள்ளிக் காட்டுவார். மருமகன் தலையாட்டுவான்.

ஒருநாள் குசினிக்குள் இராசமணி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. ஐயாவோ ஜீப்பை ஏத்தினவர்?"

தியாகலிங்கம் குசினிக் கதவைச் சாத்தினான்.

"ஓமப்பா. அவர் பின்னாலை நிக்காட்டில் நான் கீழை இறங்கிப் போயிருப்பன். உம்மையும் விட்டிட்டு."