ஆடு கேட்டவளுக்கு நான் எழுதிக் கொடுத்த தையல் மெசின்

மூதூருக்குப் பக்கத்தில், கட்டைபறிச்சானில், எங்கள் பெண்கள் சிறுகடன் குழுவுக்கு நான்தான் தலைவி. கணவனை இழந்த சரோசா இரண்டு ஆடு வாங்கக் கடன் கேட்டாள். தையல் பழகியவளுக்கு ஆடு எதற்கு என்று எனக்குக் கோபம் வந்தது.

"மெசின் வாங்கு பிள்ளை, வீட்டுக்குள்ள இருந்தே உழைக்கலாம்" என்றேன்.

"ஓட வேண்டி வந்தா மெசினைத் தூக்க ஏலாது அக்கா. ஆடு எண்டா தன்ர காலில வரும்" என்றாள்.

நான் சிரித்துவிட்டு, படிவத்தில் தையல் மெசின் என்றே எழுதினேன்.

நாலு மாதம் நன்றாகத்தான் தைத்தாள். பிறகு சண்டை மூண்டு, ஊருக்குள் குண்டுகள் விழும் செல்லடி தொடங்கியது. ஊரை விட்டு ஓடியபோது சரோசா தன் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்களோடு நடந்தாள். மெசின் வீட்டோடு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியின் ஆடுகள் எங்களுக்கு முன்னால் நடந்தன. அகதி முகாமில் அந்த ஆட்டுப்பாலைத்தான் சரோசா தன் பிள்ளைக்குக் கேட்டு வாங்கினாள். என்னை அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

இப்போது முகாமிலும் குழு நடத்துகிறோம். கடன் கேட்டு வருகிறவர் என்ன வேண்டும் என்று சொல்லி முடிக்கும்வரை நான் பேனையைத் தொடுவதில்லை.

சரோசா மட்டும் இதுவரை கடன் ஒன்றும் கேட்கவில்லை.