கொட்ட மனம் வராத இரண்டு வாளித் தண்ணீர்

காலையில் எழுந்ததும் நான் கடலுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். நான் இருப்பது ரெஜைனாவில். கனடாவின் நடுவில், வண்டியை எடுத்தால் கடலைப் பார்க்க இரண்டு நாளாகும் ஊர். ஆனாலும் எங்கள் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் ஒரு சின்னக் கடல் இருக்கிறது. பாறை, பவளம், சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு, சில இறால்கள், வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வேம்பார் உப்பளங்களைப் பேருந்தில் கடந்து போனவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். எனக்கும் அப்படித்தான் விளங்கியது.

தொட்டி ஷெர்லியினுடையது. அவர் வீட்டு அடித்தளத்தில்தான் நானும் என் கணவரும் ஆறு வருடம் வாடகைக்கு இருந்தோம். முதல் குளிர்காலத்தில் என் கணவர் பருப்பு ஆலைக்கு வேலைக்குப் போய்விடுவார். ஐந்து மணிக்கே இருட்டிவிடும். நான் துணி மடிக்கிறேன் என்று உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பேன். சத்தம் மேலே கேட்டதோ என்னவோ, ஒருநாள் ஷெர்லி இறங்கி வந்து என்னைக் கூட்டிப்போய்த் தொட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டார். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. நான் சொன்னதில் முக்கால்வாசி அவருக்குப் புரிந்திருக்காது. பவளம் தண்ணீரில் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருவரும் தேநீர் குடித்தோம். அதன்பின் தினமும் போனேன். அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் புத்தி பேதலிக்காமல் இருந்ததற்கு அந்த நாற்காலிதான் காரணம்.

ரெஜைனாவின் மண்ணும் கரிசல்தான். கோடையில் எங்கள் புதூர்ப் பக்கத்து நிலம்போலவே கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஆனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், எப்போது திறந்தாலும் வரும். இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. அரிசி கழுவிய தண்ணீரைக்கூடச் செடிக்கு வைத்துக்கொண்டிருப்பேன்.

போன மார்ச்சில் ஷெர்லி வீட்டை விற்றுவிட்டுத் தங்கையின் சிறிய ஃபிளாட்டுக்குப் போக முடிவு செய்தார். அங்கே தொட்டிக்கு இடமில்லை. நாங்களும் அதே சமயத்தில் பத்து நிமிடத் தூரத்தில் ஒரு வீடு பார்த்திருந்தோம். தொட்டியை விற்றிருந்தால் நல்ல விலை போயிருக்கும். அவர் என்னிடம் கொடுத்தார். பதினோரு வருடமாக வளர்த்த பவளம். அது என் கையில் செத்துப்போனால் அவர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று இரண்டு வாரம் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

தொட்டியை நிறைத்தபடியே தூக்க முடியாது, கண்ணாடி பிளந்துவிடும். மேலாகத் தெளிந்த தண்ணீரை மூடியுள்ள டிரம்களில் எடுத்துக்கொண்டோம். பவளங்களைத் தனித்தனி டப்பாக்களில், அதே தண்ணீரில் மூழ்க வைத்தோம். பாறைகள் காயக்கூடாது. மீன்களைக் கடைசியாக, தண்ணீர் குறைந்தபிறகே பிடித்தோம், முதலிலேயே துரத்தினால் மிரண்டுவிடும் என்பதால். பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாயை வாளிக்குள் போட்டோம். வெளியே பனி. வேனை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தார் என் கணவர். மிஞ்சியது அடிமணலும் இரண்டு வாளிக் கலங்கல் தண்ணீரும்.

"மணலையும் அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடு" என்றார் ஷெர்லி. நான் தலையை ஆட்டினேன். எங்கள் ஊரில் அந்த ஆட்டலுக்குக் காதில் விழுந்தது என்று பொருள். செய்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மணலைக் கொட்டினேன். தண்ணீரைக் கொட்டக் கை வரவில்லை. ஊருணித் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும். குடத்தில் அசையாமல் வைத்து, வண்டல் இறங்கியதும் மேல் தண்ணீரை மொண்டுகொள்வோம். கலங்கல் என்று கொட்டினவர்கள் எங்கள் தெருவில் யாருமில்லை. வாளிகளைப் போர்வையால் மூடி எங்கள் காரில் வைத்துவிட்டேன்.

புது வீட்டில் புது மணல் போட்டு, பாறை அடுக்கி, பவளத்தையும் மீன்களையும் விட்டுப் பார்த்தால் தண்ணீர் நாலு விரற்கடை குறைந்தது. "வீட்டில் உப்புத் தண்ணீர் கலந்து வைத்திருக்கிறேன், எடுத்து வருகிறேன்" என்று ஷெர்லி கிளம்பினார். அவரை ஏன் அலைய விட வேண்டும்? வாளிகள் மூன்று மணி நேரத்தில் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தன. வண்டல் கலையாமல் மொண்டு மொண்டு ஊற்றினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பவளங்கள் சுருங்கின.

"ஏட்டி, என்னத்த ஊத்துன? மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது" என்றார் என் கணவர்.

"தெளிஞ்ச தண்ணிதாங்க ஊத்துனேன்."

"அவிய கொட்டச் சொன்னாவல்லா?"

ஷெர்லி டிரம்மோடு திரும்பியபோது நான் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன். வாளியை முகர்ந்து பார்த்தார். பழைய மணலைக் கிளறினால் அதில் வருடக்கணக்காகத் தங்கிய நஞ்சு தண்ணீரில் கரைந்துவிடும், வண்டல் இறங்கினாலும் நஞ்சு இறங்காது என்றார். குரல் உயரவில்லை. மீன்களைப் புதுத் தண்ணீருக்கு மாற்றினார். தொட்டியில் பாதித் தண்ணீரை வெளியே எடுத்து, கலந்து கொண்டுவந்ததை ஊற்றினார். இறால் ஒன்று செத்தது. மற்றவை பிழைத்தன.

எங்கள் ஊர்க் குடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். குடத்தில் மீன் வளர்ப்போம் என்று அவர் நினைத்துக்கொண்டார். "அவ்வளவு சின்னதிலா? கெட்டிக்காரர்கள்தான்" என்றார். திருத்தத் தெம்பில்லை. மாலையில் பவளங்கள் ஒவ்வொன்றாக விரிந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் தப்பைச் சொல்லி அன்றும் இன்றும் ஒரு வார்த்தை கடிந்ததில்லை. பெற்றவர்களுக்கும் எனக்கு வாய்த்தவருக்கும் அடுத்தபடி நான் நன்றி சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அவர் போனபின், மீன் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டத் தொடங்கினேன். உப்புத் தண்ணீர், செடிக்கும் ஆகாது. வாளி வாளியாக, பார்வைக்குப் பளிங்குபோல. அந்நேரம் புதூரிலிருந்து அம்மா அழைத்தாள். அங்கே விடிந்திருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"என்னட்டி, தண்ணிச் சத்தம் கேக்குது? குழாய்ல வருதா?"

"வருதும்மா."

"இங்கனயும் இன்னைக்குத்தான் வருது. இருக்க குடம், அண்டா எல்லாத்துலயும் பிடிச்சு வச்சுக்கோ. நாளைக்கு வருமோ, வராதோ."

"பிடிச்சுக்கிட்டுத்தான்ம்மா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாளியைச் சாய்த்தேன்.