தொண்ணூற்றேழு டிகிரியில் ஒரு தாய்மாமன்

தாமரைச்செல்வியின் லேப்டாப் மூச்சு விட்டால் விளாங்குடியில் நாலு தெருவுக்குக் கேட்கும். புதிதாகக் குடிவந்த ஒருத்தி அதைக் கிரைண்டர் என்று நினைத்து, ஊறவைத்த அரிசியோடு வாசலில் வந்து நின்றிருக்கிறாள். சித்திரை வெயிலில் அதன் அடியில் அப்பளம் வைத்துச் சுட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. தாமரைச்செல்வி அதை ஒத்துக்கொண்டதும் இல்லை, இல்லையென்றதும் இல்லை. லேப்டாப்புக்கு வயது பதின்மூன்று. பேட்டரி செத்து நாலு வருஷமாகிறது. சுவரில் மாட்டிய பிளக்கைப் பிடுங்கினால் அடுத்த நொடி உயிர் போய்விடும்.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. அப்பா கோச்சடைப் பக்கம் நெல்லும் வாழையும் போட்டவர். பத்தொன்பது வயதில் ஒரு ஸ்டுடியோவில், கறுப்பாக விழுந்த மாப்பிள்ளைகளைச் சிவப்பாக்கித் தருகிற வேலைக்குச் சேர்ந்தவள், இரண்டே வருஷத்தில் வீடியோ கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டாள். மண்டபத்து ஆண்கள் முதலில் சிரித்தார்கள். பெண்களோ, சேலை மாற்றுகிற அறைக்குள்ளேயே வந்து படம் எடுக்க இவள்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். மதுரைக்கு மேற்கே இவள் எடுக்காத விசேஷம் குறைவு. நாலாயிரம் தாலி கட்டு பார்த்திருக்கிறேன், ஒன்றில்கூட முடிச்சு தவறவில்லை என்பாள். நாலாயிரம் கொஞ்சம் அதிகம். தவறவில்லை என்பது நிஜம்.

அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. அதுதான் அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவளைப் பிடித்துக்கொண்டது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அன்னக்கொடிக்கும் அசோக்குமாருக்கும் நடந்த கல்யாணத்தை அவள்தான் படம் எடுத்தாள். முகூர்த்தம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அண்ணன் மலையாண்டிக்கு மாலை போட்டு, தோளில் துண்டு சாத்தி மரியாதை செய்தார்கள். ஆனால் வீட்டுக்குப் போன டிவிடியில் அந்தக் காட்சி இல்லை. மலையாண்டி புது டிவி வாங்கி, தெருவையே கூப்பிட்டு உட்காரவைத்து, முறுக்கும் டீயும் கொடுத்து அந்தப் படத்தைப் போட்டார். பந்தியில் குழம்பு ஊற்றினவன்கூட இரண்டு இடத்தில் வந்தான். மலையாண்டி வரவில்லை. தெரு மரியாதையாகத்தான் கலைந்துபோனது. முனையைத் தாண்டிய பிறகுதான் சிரித்தது.

மச்சான் அசோக்குமார் சொல்லித்தான் தன்னை வெட்டிவிட்டார்கள் என்று அவர் முடிவுகட்டினார். அன்றிலிருந்து தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவள் மகள் முத்துமீனாவுக்கு ஒன்பது வயதாகியும் காது மூளியாகவே இருந்தது. தாய்மாமன் மடியில் உட்காராமல் எப்படிக் காது குத்துவது?

கடைசியில் அன்னக்கொடி தட்டு வைத்து அழைக்கப் போனபோது அவர் ஒரு நிபந்தனை போட்டார். தனித் துண்டாக எதையும் காட்டக் கூடாது. கல்யாணப் படத்தில் தான் எந்த இடத்தில் வரவேண்டுமோ அந்த இடத்தில் தன்னை வைத்து, முழுப் படத்தையும் பென்டிரைவில் கையில் தரவேண்டும். அதுவரை சீர் வண்டியை விட்டு இறங்கமாட்டார்.

அன்னக்கொடி வந்து இதைச் சொன்னதும் தாமரைச்செல்வி உடனே சரி என்றாள். வெட்டச் சொன்னது அசோக்குமார் இல்லை என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பழைய ஹார்டு டிஸ்க், விசேஷத்துக்கு முந்தின நாள்தான் அரிசி டின்னுக்குள் அகப்பட்டது. அந்தப் படத்தைத் திறக்கும் பழைய சாஃப்ட்வேர் அந்தக் கிழட்டு லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. காட்சியை அதன் இடத்தில் கோர்த்துவிட்டு, எல்லாம் ஒட்டி முழுப் படமாக வெளிவர, அதாவது ரெண்டர் ஆக, எத்தனை நேரம் என்று பார்த்தாள். ஆறரை மணி நேரம் என்றது. அப்போது காலை ஐந்து. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் காது குத்தியாக வேண்டும்.

இதை முன்னமே யோசித்துத்தான் காளவாசலில் லேப்டாப் பழுது பார்க்கும் சிராஜிடம் கேட்டு வைத்திருந்தாள். லேப்டாப்பின் மூளையான பிராசசர் ஒரு காலத்தில் கேம் ஆடுகிறவர்களுக்காகச் செய்தது, அதன் வேகத்தைக் கூட்டிக்கொள்ள வழி திறந்தே இருக்கிறது என்றான் அவன். ஆனால் வேகம் ஏறினால் சூடும் ஏறும். சூட்டை வாங்கி வெளியே தள்ளும் பேஸ்ட் உள்ளே வறட்டி மாதிரி காய்ந்திருக்கும், முதலில் அதைச் சுரண்டிவிட்டுப் புதிது தடவச் சொன்னான். பெரிய டப்பாவிலிருந்து வெள்ளை வெளேரென்ற பேஸ்டை ஒரு சின்ன டப்பியில் வழித்தும் கொடுத்தான்.

"ஒவ்வொரு படியா ஏத்துங்கக்கா. நூறு டிகிரியத் தொட்டுச்சுன்னா அதுவே உசுர விட்டுரும். அதுவரைக்கும் ஓடுனது அம்புட்டும் போச்சு, மறுபடி மொதல்ல இருந்துதான்."

ஆறு மணிக்கு அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காதுகுத்து நடக்கும் மண்டபத்துக்கு வந்துவிட்டாள். அவள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே நடக்கிற காரியமா அது? மண்டபத்தில் ஏசி உள்ளது மணமகள் அறை ஒன்றுதான். அங்கிருந்த மேஜையில் பாதியைத் தாம்பூலத் தட்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியில் லேப்டாப்பைக் குப்புறப் போட்டு, பதினொரு திருகுகளைக் கழற்றி, பழைய பேஸ்டைச் சுரண்டி, டப்பியைத் திறந்து புதிதைத் தடவி மூடினாள். மூடுகிற அவசரத்தில் ஒரு திருகு உருண்டு ஓடிவிட்டது. பத்துத் திருகோடு விட்டாள்.

வேகத்தை ஒரு படி ஏற்றினாள். எழுபத்தெட்டு டிகிரி. இன்னொரு படி. எண்பத்தொன்று. மூன்றாவது படியில் திரை ஒருமுறை நடுங்கி நின்றது. எண்பத்துநாலு. ரெண்டர் பத்தே காலுக்கு முடியும் என்றது கணக்கு. முன்பின் தெரியாத சாமிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

ஒன்பது மணிக்குச் சீர் வந்தது. முன்னால் கொட்டு, பின்னால் குட்டியானை என்கிற ஒரு மினி லாரி. அதில் நூற்றொரு தட்டு, ஒரு கிடா, ஒரு சைக்கிள், பெட்டி பிரிக்காத டேபிள் ஃபேன், பூப்போட்ட மெத்தை. வண்டி மணமகள் அறை ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. மலையாண்டி மெத்தைமேல் உட்கார்ந்து இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார். கொட்டுக்காரர்கள் அரைமணி நேரம் அடித்துப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

சீர் வந்த நேரத்திலேயே அறைக்குள் எழுபது சதவீதம் முடிந்திருந்தது. சூடு தொண்ணூற்றொன்று. ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, வேகத்தையும் அவள் தொடவில்லை. பிறகு எதற்காக ஏறுகிறது?

அந்த நேரம் பார்த்து அசோக்குமாரின் அப்பா பேயாண்டி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். எண்பது வயது. வெற்றிலை இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. தூக்கத்தில்கூட மெல்லுவார் என்பார்கள்.

"ஏந்தாயி, இந்தச் சுண்ணாம்பு எந்தக் கடையில வாங்குனது? மூணு வாட்டி போட்டுட்டேன், காரமும் இல்ல ஒண்ணும் இல்ல. வாயி செவக்கவே மாட்டேங்குது, பாரு."

நாக்கை நீட்டினார். வெற்றிலை மென்ற நாக்கு பச்சையாகக் கிடந்தது.

அவர் கையிலிருந்த டப்பியைப் பார்த்தாள். பிறகு மேஜையில் தான் திறந்து வைத்திருந்த டப்பியைப் பார்த்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். சுரீரென்றது. அறுநூறு பேருக்கு வாங்கிய வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு பங்கு பிராசசருக்குள் இருக்கிறது. சிராஜ் கொடுத்தது பெரியவர் வயிற்றுக்குள் இருக்கிறது.

முதலில் அவரை இழுத்துப் போய் ஐந்து சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைத்தாள். பிறகு சிராஜுக்குப் போன் அடித்தாள். தாத்தாவுக்கு அதனால் ஒன்றும் வராது, ஆனாலும் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றான். லேப்டாப் விஷயத்துக்குப் பிறகு வந்தான்.

"சுண்ணாம்புல ஈரம் இருக்குற வரைக்கும் தாங்கும்க்கா. காஞ்சுச்சுன்னா நடுவுல செங்கல்ல வச்ச மாதிரிதான்."

வேகத்தைப் பழையபடி குறைத்தால் சூடு இறங்கும், படம் பதினொன்றுக்கு மேல்தான் முடியும். குறைக்காவிட்டால் சுண்ணாம்பு காய்வதற்குள் படம் முடியவேண்டும். நிறுத்தித் திறந்து மாற்றலாம் என்றால் எழுபது சதவீதமும் போய்விடும். அவள் ஒரு படி குறைத்தாள். முடியும் நேரம் பத்தே முக்காலுக்குத் தாவியது. திரும்ப ஏற்றினாள். தொண்ணூற்றுமூன்று. ஒரு தாம்பூலத் தட்டை எடுத்து விசிறினாள். தொண்ணூற்றைந்து.

பத்துக்கு ஐந்து நிமிஷம். தொண்ணூற்றிரண்டு சதவீதம், தொண்ணூற்றேழு டிகிரி. மாலை போடும் காட்சி தொண்ணூற்றுநாலில் வரும். திரை மூலையில் ஓடும் சின்னக் கட்டத்தில், எந்தக் காட்சி ரெண்டர் ஆகிறதோ அது தெரியும். இனிப் படம் முழுதாக முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஜன்னலைத் திறந்தாள். ஏசியின் குளிர் வெளியே போனது, வெயில் உள்ளே வந்தது. லேப்டாப்பை வயர் எட்டுகிற மட்டும் நகர்த்தி, திரையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். மெத்தைமேல் இருந்த மலையாண்டி சரியாக அவள் முகத்துக்கு நேராக இருந்தார்.

"அண்ணே, ஒங்கள வெட்டுனது நாந்தான். அசோக்குமார் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லல. டிவிடியில நாலு நிமிசத்துக்கு எடம் பத்தல. அந்த எடத்துல நீங்க முதுகக் காட்டிட்டு நின்னீங்க. முதுகுதானேன்னு வெட்டிட்டேன்."

மலையாண்டி கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

"பன்னண்டு வருசமா ஏன் சொல்லல?"

"சொந்தத்த வெட்டுறவளுன்னு பேராயிட்டா, அப்புறம் எந்த மண்டபத்துல என்னையக் கூப்புடுவாக?"

கிடா ஒருதரம் கத்தியது. தொண்ணூற்றெட்டு. கட்டத்தில் மேடை வந்தது, அசோக்குமார் வந்தான், ஒருவர் மாலையோடு வந்தார். மாலைக்கு எதிரே ஒரு அகலமான முதுகு.

"முதுகுன்னா வெட்டிருவியா நீ?" என்றார் மலையாண்டி. ஆனால் கண் கட்டத்தை விட்டு அகலவில்லை. "இது எம்புட்டு நேரம் தாங்கும்?"

"காத்து பட்டா ஒரு நிமிசம். படலேன்னா இப்பவே போயிரும்."

தொண்ணூற்றொன்பது. முதுகு திரும்புவதற்கு அறிகுறி தெரிந்தது. மலையாண்டி ஒரு கணம் கட்டத்தைப் பார்த்தார், ஒரு கணம் பக்கத்திலிருந்த டேபிள் ஃபேன் பெட்டியைப் பார்த்தார். அடுத்த கணம் ஜிகினாத் தாளை நகத்தால் கிழித்து, பெட்டியை உடைத்து, ஃபேனைத் தலைகீழாக உருவி ஜன்னல் வழியே உள்ளே நீட்டிவிட்டார். அவள் வாங்கிச் சொருகினாள். காற்று அடித்தது. தொண்ணூற்றெட்டு.

முதுகு திரும்பியது. இருபத்தெட்டு வயது மலையாண்டி, கழுத்தில் மாலையும் தோளில் துண்டுமாக, எதிரே நின்ற மச்சானைக் கட்டிப் பிடித்தார். கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தார். குட்டியானையில் நின்றவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு அம்புட்டு முடியா இருந்துச்சு?"

அதற்குமேல் லேப்டாப் தாங்கவில்லை, சூடு நூறைத் தொட்டது. திரை கறுத்தது. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றைந்து சதவீதம், அம்புட்டும் போய்விட்டது. பென்டிரைவில் கொடுக்க ஒன்றும் இல்லை. மலையாண்டி கறுத்த திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அறை வாசலில் வந்து நின்ற அன்னக்கொடிதான் முதலில் பார்த்தாள். அவர்கள் சொந்தத்தில் ஒரு முறை உண்டு. சீரில் ஒரு பொருள் விசேஷம் நடக்கும் இடத்துக்குள் போய்விட்டால், கொண்டுவந்தவரும் பின்னாலேயே போயாக வேண்டும். பொருளை உள்ளே விட்டுவிட்டு ஆள் திரும்பினால், தங்கச்சி செத்ததற்குச் சமம்.

"அண்ணே," என்றாள் அவள். "ஃபேன் உள்ள வந்துருச்சு."

மலையாண்டி தன் வெறுங்கையைப் பார்த்தார். ஜன்னலுக்குள் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். அதற்குள் அசோக்குமார் வண்டியின் பின்பக்கம் வந்து, இறங்கக் கை நீட்டிக்கொண்டு நின்றான். மலையாண்டி அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மணி பத்து பன்னிரண்டு. பத்து இருபத்துமூன்றுக்கு முத்துமீனா மாமன் மடியில் வீறிட்டாள். கொட்டுக்காரர்கள் டீ டம்ளரோடு ஓடிவந்தார்கள்.

சிராஜ் அந்தச் சுண்ணாம்பைப் பிளேடால் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. கழுவித் துடைத்து, சரியான பேஸ்ட் போட்டு மூடினதும் கிழட்டு லேப்டாப் பழையபடி அலறிக்கொண்டு எழுந்தது. கல்யாணப் படம் அதன் சொந்த வேகத்தில் ஆறரை மணி நேரம் ஓடி முடிந்து, மலையாண்டி கைக்குப் போனது. பேயாண்டிக்கு டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அவரோ, தன் கடைவாய்ப் பல்வலி அன்றோடு போய்விட்டது என்று சொல்லி அந்த வெள்ளை டப்பியைக் கேட்டு இன்னும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

காதணி விழாப் படத்தையும் தாமரைச்செல்விதான் கோர்த்துக் கொடுத்தாள். மொத்தம் இரண்டேகால் மணி நேரம். அதில் ஒன்றேமுக்கால் மணி நேரம் மலையாண்டி வருகிறார். அவர் முதுகு மட்டும் பதினொரு நிமிஷம்.