அண்ணியின் இடது கன்னம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் ஒரு காரியத்தை ஏன் செய்கிறார் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "எதிலயாவது மூக்க நுழைக்காம இருக்க முடியுமாடா உன்னால?" என்று அண்ணன் திட்டுவான். முடியாது. என்ன செய்ய?

அண்ணனின் மனைவியும் நானும் ஒரே பட்டறையில் வேலை. ஆணி அடிக்காமல், மரத்தோடு மரத்தைக் கோத்துக் கட்டடத்துக்கு எலும்புக்கூடு செய்கிற பட்டறை அது. நேரான தூணையும் உத்திரத்தையும் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். தூணிலிருந்து வளைந்து ஏறிக் கூரையைத் தாங்குகிற வளைமரம்தான் ஆளைச் சோதிக்கும். கையில் பிடிக்கிற மின்ரம்பத்தால் அதை அறுப்பது என் வேலை. பதினான்கு வருஷமாக அறுக்கிறேன். நான் அறுத்துப் போட்டால் மரத்தின் முகமெல்லாம் ரம்பப்பல் கோடுகளாகத்தான் இருக்கும். அதை வழவழப்பாக்குவது அண்ணி.

முதலில் இழைக்கும் மெஷினை ஓட்டி மேடுகளை எடுப்பார். மெஷினுக்கு அடிப்பாகம் தட்டை, குழிந்த பக்கத்தில் அது இறங்காது. அங்கே அடி வளைந்த கை இழைப்புளிதான். கடைசியில் மெல்லிய இரும்புத் தகடால் சுரண்டி முடிப்பார். ஆனால் அந்தக் குழிவில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே ஓட்டமாக ஒருநாளும் இழைக்க மாட்டார். இந்த முனையிலிருந்து நடுப்பள்ளம் வரை, அந்த முனையிலிருந்து நடுப்பள்ளம் வரை, அவ்வளவுதான். கேட்காமல் விடுவேனா?

"பூனைய வாலுலேருந்து தலைக்குத் தடவிப் பாரு தம்பி, தெரியும்" என்றார். "பள்ளத்தத் தாண்டி மேல ஏறினா நாரு எதிர்த்து நிக்கும். பிச்சுக்கிட்டு வந்துடும்."

மற்றவர்கள் இழைத்த மரத்துக்கு மேஸ்திரி விளக்கைத் தாழ்வாகப் பிடித்து, எங்கே நிழல் விழுகிறது என்று பார்ப்பார். அண்ணியின் மரத்துக்கு அந்தப் பரீட்சை கிடையாது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் ஒருமுறை தடவி, "ஆச்சு" என்பார். மேஸ்திரி தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

இந்த மழைக்காலத்தில் திடீரென்று ஒரு கூத்து. அண்ணி விரலால் தடவுவதை விட்டுவிட்டு, குனிந்து இடது கன்னத்தை மரத்தில் வைத்து மெல்ல நகர்த்தத் தொடங்கினார். தலைமுடியெல்லாம் மரத்தூள். பட்டறையே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

துளை போடுகிற நெட்டையன், "மரம் என்ன சொல்லுது அக்கா? ஏதாவது கல்யாண விஷயமா?" என்றான்.

"உன்னக் கட்டிக்கிற அளவுக்கு அதுக்கு இன்னும் புத்தி கெடல" என்றார் அண்ணி, கன்னத்தை எடுக்காமலே.

எனக்கு மண்டை குடைந்தது. யாரும் இல்லாதபோது நானும் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். மூக்கில் தூள் ஏறித் தும்மியதுதான் மிச்சம். அண்ணியிடமே கேட்டேன். "பல்லு வலி தம்பி. மரம் குளுகுளுன்னு இருக்கு" என்று சமாளித்தார். பல்வலிக்காரி வறுத்த கடலையைக் கடித்துத் தின்றுகொண்டே சொன்னால் யார் நம்புவது?

ஒரு காலையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி தன் மகளுக்குப் பள்ளிச் சட்டையின் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பொத்தானை முறைத்துப் பார்த்துக்கொண்டே போட்டார். அப்படியும் இரண்டு தடவை நழுவியது. "அம்மா, நானே போட்டுக்கறேன்மா" என்று குழந்தை பொறுமை இழந்து சிணுங்கியது. அப்போதுதான் அந்த விரல்களைக் கவனித்தேன். இரண்டாவது கணு வரைக்கும் சாக்பீஸ் போல வெளுத்திருந்தன.

"அண்ணி, என்ன இது?"

மழுப்பப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில் குழந்தையை அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஏழு மாசமாச்சு. மெஷின் அதிருதில்ல, அதனாலதான். மொதல்ல ஊசி குத்துற மாதிரி இருந்துச்சு. இப்போ ஒண்ணுமே தெரியல. போனது வரும்னு டாக்டர் உறுதியாச் சொல்லல. மெஷின விட்டா இருக்கிறதயாவது காப்பாத்தலாம்னார்."

"அப்போ விட வேண்டியதுதானே!"

"விட்டா? மெஷின் இல்லாம யாரு தம்பி வேலையில வச்சுக்குவா? மேஸ்திரிக்குத் தெரிஞ்சா மூலையில உக்கார வச்சுப் பலகைக்குச் சாயம் பூசச் சொல்லுவாரு. எனக்கு இந்த வேலை ஒண்ணுதான் தெரியும். இதுதான் எனக்குப் புடிச்சிருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன் ஓட்டை வாயத் தொறந்துடாதே. என் மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். இத்தனை நாள் வேடிக்கை பார்த்தேனே, சே, என்று என் மேலேயே கோபம் வந்தது.

ஒரு நூலகக் கூரைக்குப் பதினாறு வளைமரம் செய்துகொண்டிருந்தோம். இருப்பதிலேயே பெரிய நான்கு பாக்கி. "மெஷின் வேலைய நான் பாத்துக்கறேன், மிச்சத்த நீங்க கையால முடிங்க" என்றேன். ஏன் என்று மேஸ்திரி கேட்டதற்கு, "இழைக்கக் கத்துக்கறேன்" என்று புளுகினேன். "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று அவர் போய்விட்டார். மூன்று மரத்தை அப்படி முடித்தோம். நான் மெஷின் ஓட்டிய அழகைப் பார்த்து அண்ணி தலையில் அடித்துக்கொண்டார், ஆனாலும் முடித்தோம்.

நான்காவது மரம் முடிந்ததும் அண்ணி கன்னத்தை வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இங்க ஒரு வரி ஓடுற மாதிரி இருக்கு. கன்னத்த நம்ப முடியல. உனக்குத்தான் விரல் நல்லா இருக்கே, கண்ண மூடிட்டு ஒரு தடவ பாரு."

தடவினேன். "கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணி."

"சரியாப் பாரு."

மறுபடி தடவினேன். "சந்தேகமே வேண்டாம். ஒண்ணுமில்ல."

அண்ணி விளக்கை எடுத்து மரத்தை ஒட்டித் தாழ்வாகப் பிடித்தார். குழிவின் குறுக்கே, நூல் பிடித்த மாதிரி, ஒரு ரம்பக் கோட்டின் நிழல் விழுந்தது. என் நடுவிரல் அதன் மேலேயே இருந்தது.

அண்ணி என் கையைப் பிடித்துத் திருப்பினார். விரல் நுனியில் தன் கட்டைவிரல் நகத்தை வைத்தார்.

"வலிக்குதா?"

"அழுத்துனாத்தானே வலிக்கும்" என்று சிரித்தேன்.

அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். நகம் முழுசாகப் பதிந்திருந்தது. என் மின்ரம்பமும் அதிருகிற மெஷின்தான். என் வேலைக்குக் கோட்டைப் பார்க்கக் கண் போதும். பதினான்கு வருஷத்தில் விரலை நான் எதுவுமே கேட்டதில்லை.

"அண்ணி, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் முதலில் வந்தது.

அவர் என் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, விறுவிறுவென்று பட்டறையின் குறுக்கே நடந்தார். நெட்டையன் துளை போடுவதை நிறுத்தினான். மேஸ்திரி நிமிர்ந்தார்.

"என்னம்மா?"

அண்ணி என்னை விட்டுவிட்டு, தன் இரண்டு கையையும் அவர் முன்னால் நீட்டினார்.

"என் விரல் போயிடுச்சு மேஸ்திரி. ஏழு மாசமா உங்ககிட்ட மறைச்சேன். இவனுக்கும் போய்க்கிட்டிருக்கு. இன்னிக்கே இவன மெஷின விட்டு இறக்குங்க. என்னை என்ன பண்றதுன்னு அப்புறம் யோசிங்க."