சுட முடியாத மேகசின்

போலீஸ்காரர் மாடிப்படி ஏறி வந்தபோது அத்தை தரையில் உட்கார்ந்து ஏழு துப்பாக்கிகளைத் துடைத்து வரிசையாக வைத்திருந்தாள். எட்டாவதை நான் பிடித்துக்கொண்டு, ஜன்னல் விளிம்பில் நின்ற காக்காயைக் குறிபார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சினிமாத் துப்பாக்கிகள். மேற்கு மாம்பலத்தில் தாத்தா கட்டிய வீட்டின் மாடியில், படப்பிடிப்புகளுக்கு டம்மி ஆயுதங்களை வாடகைக்கு விடுவதுதான் அத்தையின் தொழில். அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டவர்களுக்குக் காரணமும் சொன்னதில்லை. நாங்கள் வேளச்சேரியில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் காலாண்டு விடுமுறையில் என்னைக் காலையில் அத்தையிடம் விட்டுவிட்டு மாலையில் வந்து கூட்டிப்போவார்கள். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு பில்டர் தயாராக இருந்தார். அப்பாவும் தயாராக இருந்தார். அத்தைதான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். எனக்குப் பத்து வயது. பெரியவர்கள் அலுக்காமல் பேசும் பல சங்கதிகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

மரமும் ரப்பருமாகக் கிடந்த அந்தக் குவியலில் அசல் சாமான் ஒன்றே ஒன்று உண்டு. அதை அத்தை ‘நத்தை’ என்பாள். மூடிப்போன ஒரு சினிமா கம்பெனியின் சாமான்களை மொத்தமாக வாங்கியபோது, கிரீடங்களுக்கும் கத்திகளுக்கும் அடியில் கிடைத்ததாம். அது ஒரு பிஸ்டலின் மேகசின். மேகசின் என்றால் அதுவரை எனக்குப் பல் டாக்டர் வீட்டில் கிடக்கும் வாரப் பத்திரிகைதான். குண்டுகளை அடுக்கி வைக்கும் கூடுக்கும் அதே பெயர் என்று அத்தைதான் சொல்லிக் கொடுத்தாள். சாதாரண பிஸ்டலில் அது கைப்பிடிக்குள்ளேயே அடங்கிவிடும். எட்டுக் குண்டுதான் பிடிக்கும். எட்டு போதாது என்று முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்துக்குத் தோன்றியிருக்கிறது. கைப்பிடிக்கு வெளியே ஒரு கழுத்தை நீட்டி, அதன் முனையில் டப்பா போல வட்டமான டிரம்மைப் பொருத்தி, முப்பத்திரண்டு குண்டுகளுக்கு இடம் பண்ணிவிட்டார்கள். பார்த்தால் ஓட்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிய நத்தைதான். அத்தையிடம் வந்தபோதே அதன் ஸ்பிரிங்கை யாரோ பிடுங்கி, அடியில் சல்லடை மாதிரி ஓட்டை போட்டிருந்தார்கள். அதற்குரிய பிஸ்டலை அத்தையும் கண்ணால் பார்த்ததில்லை.

“இன்னாமா, ஊட்ல மெஷின் கன்னு வெச்சிக்கினு கீறியாமே? பெட்டிஷன் வந்துகீது. எஸ்.ஐ. இட்டாரச் சொன்னாரு” என்றார் போலீஸ்காரர்.

“மெஷின் கன் இருந்தா அதையும் வாடகைக்கு விட்டிருப்பேனே” என்றபடி அத்தை எழுந்தாள்.

புடவையைச் சரிசெய்துகொண்டு, நத்தையை ஒரு கையிலும் என்னை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். இரண்டு பக்கமும் ஜன்னல்கள் திறந்தன. எனக்குக் கூச்சமாக இருந்தது.

“பையில போட்டுக்கலாமே அத்தை.”

“எதுக்கு? திருடின சாமானா?”

நடுத்தெருவில் நடந்தாள். எதிரே வந்த ஸ்கூட்டர்கள் ஒதுங்கிப் போயின.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. இளவயசுக்காரர். நத்தையை விரலால் தொடாமல் பேனா முனையால் திருப்பிப் பார்த்தார். “இதை இங்க வெச்சிட்டுப் போம்மா. டெஸ்டுக்கு அனுப்பணும். ஒரு மாசம் கழிச்சு வந்து கேளு.”

“முடியாது சார். இங்கயே பாருங்க. பாத்துட்டு, இது சுடாதுன்னு எழுதிக் குடுங்க.”

“அப்படில்லாம் எழுதித் தர்ற வழக்கமில்ல.”

“எம்மேல யாரோ எழுதித் தந்தா வாங்கிக்கிற வழக்கம் மட்டும் இருக்குல்ல?”

எஸ்.ஐ. முகம் சிவந்தது. வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். பத்தரை மணிக்கு உட்கார்ந்தோம். மத்தியானம், எங்களைக் கூட்டிவந்த போலீஸ்காரரே இரக்கப்பட்டு எனக்கு இரண்டு பன் வாங்கித் தந்தார். அத்தை எதுவும் சாப்பிடவில்லை. நத்தையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தார்கள். “வீட்டுக்குப் போம்மா, அப்பறம் பாத்துக்கலாம்” என்றார்கள். “பரவால்ல, எனக்கு இன்னிக்கு ஷூட்டிங் இல்ல” என்றாள்.

மூன்று மணிக்கு எஸ்.ஐ. கூப்பிட்டார்.

“இதுல எத்தனை குண்டு போடலாம்?”

“அந்தக் காலத்துல முப்பத்திரண்டு. இப்ப ஒண்ணுகூட நிக்காது. உள்ள ஸ்பிரிங் இல்ல. அடியெல்லாம் ஓட்டை.”

“நீ சொல்றதை நான் நம்பணும்?”

அத்தை மேஜை மேலிருந்த அவருடைய தண்ணீர் டம்ளரை எடுத்து நத்தையின் கழுத்துக்குள் கவிழ்த்தாள். அடியிலிருந்து ஏழெட்டு இடத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து மேஜை முழுக்க ஓடியது. எஸ்.ஐ. துள்ளி எழுந்தார். ஃபைல்கள் நனையாமலிருக்க எல்லோரும் அள்ளினார்கள். நானும் என் பங்குக்கு ஒரு தாளைக் காப்பாற்றினேன். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம்.

“அத்தை, இது அப்பா எழுத்து மாதிரியே இருக்கு!”

‘ழ’வின் வால் அடுத்த வரி வரைக்கும் நீளும் அந்த எழுத்தில்தான் என் லீவு லெட்டர்கள் எல்லாம் இருக்கும். கீழே பெயர் இல்லை. ‘இப்பகுதிவாசிகள்’ என்று மட்டும் போட்டிருந்தது.

அத்தை தாளை வாங்கி, நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். வீட்டில் மெஷின் கன் இருக்கிறது என்றும், தனியாக வசிக்கும் பெண் என்றும், கண்ட ஆண்கள் வந்து போகிறார்கள் என்றும், வீட்டைக் காலி செய்யவைக்க வேண்டும் என்றும் அதில் இருந்ததைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஓரத்தில் பட்டிருந்த ஈரத்தை முந்தானையால் ஒற்றி, தாளை எஸ்.ஐ.யிடம் நீட்டினாள்.

“நெறைய பேர் இப்படித்தான் எழுதுவாங்க குட்டி” என்றாள் என்னிடம்.

“உக்காருங்கக்கா” என்றார் எஸ்.ஐ. காலையிலிருந்து அவர் அத்தையை அக்கா என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு அவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். ‘உருண்டையான இரும்புப் பொருள் ஒன்று’ என்று ஆரம்பித்ததுமே அத்தை நிறுத்தினாள். “பேரோட எழுதுங்க சார். பிஸ்டலுக்கான பழைய டிரம் மேகசின். முப்பத்திரண்டு குண்டு கொள்ளளவு. ஸ்பிரிங் இல்லை. சுட இயலாது. தொழிலுக்காக வைத்திருக்கிறார். அதையும் போடுங்க.” எல்லாவற்றையும் போட்டார்கள். கையெழுத்தும் முத்திரையும் விழுந்த பிறகுதான் அத்தை நாற்காலியை விட்டு எழுந்தாள்.

வரும் வழியிலேயே அந்தத் தாளை லேமினேட் செய்துகொண்டாள். மாடிப்படி முடியும் இடத்தில், கதவுக்கு வெளியே, ஸ்டூல் போட்டு ஏறி ஆணி அடித்தாள். அவளே நிமிர்ந்து பார்க்க வேண்டிய உயரம்.

“ஏன் அத்தை இவ்ளோ மேல?”

“வர்றவங்க உசரம் பாத்துதான் அடிக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார், பில்டர் கொடுத்த பத்திரங்களோடு. கூடவே நானும். நான் முதலில் ஏறி உள்ளே ஓடிவிட்டேன். அப்பா ஒரு ஷூவைக் கழற்றியவர், நிமிர்ந்ததும் அப்படியே நின்றுவிட்டார். தாள் சரியாக அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. ஒரு முறை படித்தார். மறுபடியும் படித்தார்.

“உள்ள வாடா, காபி போடுறேன்” என்றாள் அத்தை. அவள் குரலில் கோபமே இல்லை.

“இல்லக்கா. கிளம்பறேன்.”

கழற்றிய ஷூவைக் கையில் பிடித்தபடியே அவர் படியிறங்கிப் போனார். அந்த வீடு இன்றும் நிற்கிறது. அதன் பிறகு அப்பா அந்த மாடிக்கு ஏறவேயில்லை.

அப்பாவுக்குத் துப்பாக்கி என்றாலே பயம் என்று விடுமுறை முடிந்ததும் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன். சுட இயலாது என்றுதான் அந்தத் தாளில் அவ்வளவு தெளிவாகப் போட்டிருந்ததே; அதைப் படித்த பிறகும் அவர் எதற்காகப் பயந்தார் என்பது மட்டும் எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை.